மாத்திரை போட்டீங்களா?

ஊரே பேசும் அந்தப் படத்தைப் பற்றி நிருபர் பத்தொன்பது துணுக்குகள் சேர்த்துவிட்டார்.

படத்தில் வரும் கத்தி அட்டையில் செய்தது. தெருவில் ஓடும் நாய் ஒன்றல்ல, இரண்டு. அண்ணன் நாய்க்கு மூச்சு வாங்கியதால் மீதியைத் தம்பி நாய் ஓடி முடித்தது. எல்லாம் நோட்டில் ஏறியாயிற்று.

இருபதாவதுக்குத்தான் நடிகரின் வீடு தேடி வந்திருக்கிறார்.

"கழுத்துல கத்தி வெச்சவன்கிட்ட 'மாத்திரை போட்டீங்களா'ன்னு கேக்க எப்படி சார் தோணுச்சு?"

சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லித் திரிகிற வசனம் அது.

நடிகர், நிருபரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். உதட்டை அசைத்தேன்.

"அதுவா வந்துச்சு தம்பி," என்றார்.

அதுவாக ஒன்றும் வரவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் சொல்லச் சொல்ல அவர் சொல்வார். அன்று ஒத்திகைதான் நடக்கிறது என்று நினைத்து, மாத்திரையை ஞாபகப்படுத்தினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதையும் வசனமாகவே சொல்லிவிட்டார்.

வில்லன் திருதிருவென்று விழித்து, "இல்லையே" என்றார். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என்ன டைமிங் என்று ஊரே மெச்சியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எது வசனம், எது பேச்சு என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று முதல் அவர் கண்ணில் படும்படியே நிற்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் பாகம். விஷயம் கசிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நடிப்பும் போய்விட்டால் மனிதர் ஒடிந்துவிடுவார்.

நோட்டை மூடப்போன நிருபர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கடைசியா, வீட்டுக்காரம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

நடிகர் என் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தார்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். முப்பத்தோரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய என்னைப் பற்றித் தானாக என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வசனம் எடுத்துக் குடுப்பாங்க," என்றார். பிறகு நிருபர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி மரியாதையாகக் கேட்டார். "இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

நிருபர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நோட்டைத் திறந்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் அந்தத் தம்பிக்குப் புரிந்துவிடும்.