ஓவனுக்கு முன்னால் ஒரு பலகை

ஓவனைப் போட்டாலே ட்ரிப்பர் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க மின்சாரம் நின்றது. "உள்ள கரண்ட் கசியுதுண்ணே. எர்த் வயர் இழுக்காம இதைத் தொடாதீங்க" என்றார் வயர்மேன். "ட்ரிப்பரைக் கழட்டிட்டு டைரக்டா குடுய்யா" என்றான் துரைராஜ். அவர் மறுத்துக் கிளம்பியதும் அவனே இணைப்பைக் கொடுத்தான். அதற்குப் பிறகு மின்சாரம் நிற்கவில்லை. ஆனால் ஓவனைத் தொட்டபோதெல்லாம் அவன் மனைவி ரெஜினாவின் விரல்கள் சுண்டி இழுத்தன. "ஷாக் அடிக்குதுங்க." "செத்தா போயிட்ட?" என்று சிரித்தபடி ஒரு மரப்பலகையைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "இதுல நின்னுக்க." கோபம் வந்த நாட்களில் அந்தப் பலகையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, கேக் வேண்டும் என்பான். நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வெறுங்காலுடன் ஓவன் கதவைத் திறப்பதைப் பார்ப்பான். இன்று அவன் குளித்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட சமையலறைக்குள் வந்தான். "வாசம் ஆளைத் தூக்குதே. தள்ளு, நானே எடுக்கிறேன்." ஓவனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரெஜினா பலகையிலிருந்து இறங்கினாள். குனிந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் ஈரத்துண்டைச் சுற்றிய கையை ஓவனின் கைப்பிடியை நோக்கி நீட்டினான். "சுடும், பாத்து எடுங்க" என்றாள்.