நடுவில் ஒரு கதவு

ஆரணியில், தீபாவின் வீட்டு முன்னறையில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஏற்காட்டு ஓட்டல்காரரிடம் போனில் மூன்றாம் முறையாகச் சொல்கிறாள். "குடும்பமா பதினாலு பேர் வர்றோம்ங்க. கனெக்டிங் ரூம் வேணும்." "எல்லா ரூம்லயும் வைஃபை கனெக்‌ஷன் இருக்கு மேடம்." "அய்யோ, அது இல்லீங்க! ரெண்டு ரூமுக்கு நடுவுல கதவு இருக்கணும்." எதிரெதிர் அறை தருகிறேன் என்கிறார் அவர். ஜன்னல் வெயில் விழுந்த தரையில் உட்கார்ந்து, கணவனின் அக்கா ரேணுகா புது ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருக்கிறாள். மலைக்குப் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தீபாவுக்குத் தலை வெடிக்கிறது. "எதிர் ரூம்ல எங்க அண்ணிக்கு ராத்திரி வலிப்பு வந்தா எனக்கு எப்டிங்க கேக்கும்?" அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தறி நின்றுவிடுகிறது. கடைசி வார்த்தைகள் வீடு முழுக்கக் கேட்கின்றன. ரேணுகாவின் கை ஸ்வெட்டர் மேலேயே நிற்கிறது. தீபா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். போனில் அவர் "ஹலோ, ஹலோ" என்கிறார். ரேணுகா நிமிர்ந்து பார்க்கிறாள். "இன்னாத்துக்கு அந்தாளுகிட்ட கத்திகினு இருக்கற? என் தம்பிய எதிர் ரூமுக்கு அனுப்பு. நான் உன் பக்கத்துல படுத்துக்கறேன். ஜல்தியா புக் பண்ணு."