ஆளுக்குப் பதிமூன்றரை

"திருகாணியையும் எண்ணித்தான் பிரிக்கணும்" என்றார் பெரிய அண்ணன்.

ஃபிட்டர் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினார். மூன்று வருஷத்துக்கு முன் இதே வீட்டை ஒரே வாரத்தில் நிறுத்திக் கொடுத்தவர் அவர்தான். இப்போது கழற்ற வந்திருந்தார்.

தங்கை தையல் மெஷினைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

ஸ்டீல் சட்டம், அதில் மாட்டிய பேனல் சுவர்கள். க்ரீம் பிஸ்கட் மாதிரி இரண்டு தகடு, நடுவில் வெயிலைத் தடுக்கும் நுரை. அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. மனையை மகளுக்கும் வீட்டை மகன்களுக்கும் எழுதி வைத்துவிட்டு, "தலையில தூக்கிட்டா போகப் போறானுங்க? மூணு பேரும் ஒண்ணா இருப்பீங்க" என்று சிரித்தார். எந்த மாதிரி வீட்டைக் கட்டினோம் என்பதை மனுஷர் அந்த நிமிஷம் மறந்துவிட்டார்.

அப்பா போன பிறகும் மகன்கள் மறக்கவில்லை.

இரண்டு பேரும் இருப்பது வாடகை வீட்டில். இதை வைக்கக் கையகல இடம் கிடையாது. ஆனாலும் பங்கு பங்குதானே.

பெரியவர் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். வீட்டிலும் சர்க்குலர் குரல்தான். "உணர்ச்சிவசப்படாதேம்மா. மனை உன்னுடையது. அதன் மேல் நிற்பவை எங்களுடையவை."

சின்னவர் குரலில் தேன் ஒழுகும். "தரையை நாங்க தொடவே மாட்டோம் தங்கச்சி. நாங்க என்ன அவ்வளவு மோசமானவங்களா?"

அண்ணனும் தம்பியும் நேரில் பேசி ஆறு மாசமாகிறது. எல்லாம் ஃபிட்டர் வழியாகத்தான் போய் வந்தது.

"அவன்கிட்ட சொல்லுங்க, ஜன்னல் எனக்கு."

"அப்போ கதவு எனக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

ஃபிட்டர் சாக்பீஸ் எடுத்து, பெரியவர் பேனலில் 'பெ', சின்னவர் பேனலில் 'சி' என்று எழுதிக்கொண்டே போனார். சுவர்ப் பேனல் இருபத்தேழு. ஆளுக்குப் பதிமூன்று போக ஒன்று மிஞ்சியது.

அதை அறுத்துவிடச் சொன்னார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அறுத்தால் ஓரம் திறந்துகொள்ளும், மழைத்தண்ணீர் இறங்கினால் வீணாகிவிடும் என்று ஃபிட்டர் சொல்லிப் பார்த்தார். பரவாயில்லையாம். அறுத்தார்.

"கூலி கொடுத்தா எதை வேணா அறுப்பான் போல" என்று எதிர்வீட்டு அக்கா தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

தங்கை ஃபிட்டர் பக்கத்தில் போனாள். "நல்லா இருங்கண்ணே. உங்க வீட்டை ஒருநாள் யாராவது இப்படிக் கழற்றினாத்தான் தெரியும்."

அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்துத் திருகாணிக் கணக்கைக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மிஞ்சியது ஒரு சிமென்ட் தரையும் ஒரு குழாயும். லாரியில் இந்தப் பக்கம் பெ, அந்தப் பக்கம் சி. ஒன்றோடொன்று உரசிவிடாமல் நடுவில் தார்ப்பாய்.

எதிர்வீட்டு அக்காவின் வராந்தாவில் நான்கு நாள் ஓடியது. மெஷினை ஓட்டினால் அந்த வீட்டுக் குழந்தை தூங்காது. ஓட்டாவிட்டால் இவளுக்குச் சாப்பாடு கிடையாது.

ஐந்தாம் நாள் காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது அதே லாரி ஆறேழு ஆட்களோடு வந்து நின்றது. தரையையும் பெயர்க்க வந்துவிட்டார்கள் என்று தங்கை வெறுங்காலோடு ஓடினாள்.

"இதையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

ஃபிட்டர் ஏதோ அளந்துகொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"பெரியவர் இருக்கறது நாலாவது மாடி. லிஃப்ட்ல பேனல் நுழையல. சின்னவர் மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார். வீட்டுக்காரர் தூக்கி வெளியே போட்டுட்டார். ரெண்டு பேரும் தனித்தனியா எனக்குப் போன். மழைக்கு முன்னாடி ஒரு குடோன் பார்க்கச் சொல்லி."

"அதுக்கு?"

"பார்த்துட்டேன்." தரையைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "படுக்க வச்சா பேனல் கெட்டுப்போகும், நிக்க வச்சுத் திருகாணி முறுக்கி, மேலே கூரையையும் மாட்டித்தான் வைக்கணும்னு ஒரு புளுகு விட்டேன். சரின்னுட்டாங்க."

"குடோன் எங்கேன்னு கேக்கலையா?"

"வாடகை எவ்வளவுன்னு கேட்டாங்க. கிடையாதுன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை நீட்டினார். கீழே இரண்டு அண்ணன்களின் கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி: 'இருவரும் ஒன்றாக நேரில் வந்தால் ஒழிய, சரக்கை எவரும் வெளியே எடுக்கக் கூடாது.'

"அந்த வரி நான் போட்டதில்லம்மா. இன்னொருத்தர் திருடிடுவார்னு ரெண்டு பேரும் தனித்தனியா கேட்டுப் போட வச்சது. அவங்க ஒண்ணா வர்ற அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

தங்கை அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கையில் கிடைத்த ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

சாயங்காலம் கூரை ஏறி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அறுத்த பேனலை ஒட்டி, மேலே ஒரு தகட்டுப் பட்டை வைத்துத் திருகாணி முறுக்கியிருந்தார். அந்தத் திருகாணியிலேயே தங்கை தன் அளவு நாடாவை மாட்டினாள்.

கிளம்பும்போது ஃபிட்டர் ஒரு பழைய போனைக் கொடுத்தார். "குடோனுக்கு வாட்ச்மேன் போட்டாச்சுன்னு இந்த நம்பரைத்தான் சொல்லியிருக்கேன். சம்பளம் மாசாமாசம் ஆளுக்குப் பாதி தர்றாங்க. ஒழுங்கா காவல் இரும்மா."

லாரி தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. திரையில் 'பெ'.

"வாட்ச்மேனா? சரக்கின் உரிமையாளர் பேசுகிறேன். பலத்த மழை பெய்கிறது. சரக்கு நனையவில்லையே?"

தங்கை வாயைத் துணியால் மூடிக்கொண்டு, குரலைத் தொண்டைக்குக் கீழே இறக்கினாள்.

"இல்லைங்கய்யா. உள்ளே நானே பாய் போட்டுப் படுத்திருக்கேன். என் மேலயே ஒரு சொட்டு விழல."