கோட்டில் ஒரு முள்

பனிக்கண்டத்தின் அடிப்பாறையை அறிய விமானத்தில் பறந்து எடுத்த காந்த அளவீடுகளைச் செண்பகவல்லி சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மனிதர் கொண்டுபோன இரும்பு, திரையில் ஓடும் அளவீட்டுக் கோட்டில் முள்ளாகத் துருத்தும்; அதை அழித்துவிட வேண்டும். அவள் கணவன் இளங்கீரன் பனிவண்டியோடு காணாமல்போன வாரத்தில் எடுத்தவை அவை. "பிளவுல விழுந்திருப்பாரும்மா, தேட விமானம் இல்ல" என்று அன்று சொன்ன ஆய்வுக்குழுத் தலைவர்தான் இப்போதும் பக்கத்தில் நின்றார்.

பனிமூட்டத்தில் விமானம் தினமும் முகாமுக்குத் திரும்பிய அதே வழியில், அவன் காணாமல்போன முதல்நாள், முகாமிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஒரு முள் இருந்தது. மறுநாள் அது பதினெட்டில் இருந்தது.

"சார், வண்டி வந்துகிட்டே இருந்திருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது பாறை இல்லம்மா. அழிச்சிட்டு அனுப்புங்க."

அவள் அடுத்த நாளின் கோட்டைத் திரையில் திறந்தாள். மூன்றாம் நாள் முள் ஆறு கிலோமீட்டரில் நின்றது. நான்காம் நாளும் அங்கேயே நின்றது. ஐந்தாம் நாளும்.