அத்தாவின் சட்டைக்கு ஏழு பட்டன்

பிறவியிலேயே பார்வை இல்லாத ஜொஹராவுக்கு எண்ணிக்கை பிடிபட்டது அவளுடைய அத்தாவின் சட்டையில்தான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அத்தா அவளை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். கழுத்தில் தொடங்கி ஒவ்வொரு பட்டனாக விரல் வைத்து அவள் எண்ணிக்கொண்டே இறங்குவாள். நடுவில் ஒன்றைக் கழற்றிவிட்டு, "இப்ப எத்தனை பூட்டியிருக்கு?" என்பார். அதைத் திரும்பப் பூட்ட மறந்து, நெஞ்சு தெரிய பஸ் ஏறிவிடுவதும் உண்டு.

அவள் எண்ணிக்கையில் ஒரு தப்பு இருந்தது. அத்தாவின் தொண்டையில் துருத்திக்கொண்டிருந்த குரல்வளையையும் முதல் பட்டனாகச் சேர்த்துக்கொண்டாள். அவர் எச்சில் விழுங்கினால், "ஒண்ணு ஓடுது, ஒண்ணு ஓடுது!" என்று கத்திச் சிரிப்பாள். சட்டைக்கு ஆறு பட்டன் என்று சொன்ன டீச்சரிடம், "எங்க அத்தா சட்டைக்கு ஏழு" என்று சண்டைக்கே போய்விட்டாள். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டபோது அத்தாவும், "ஏழுதாங்க டீச்சர்" என்றாராம்.

அத்தா மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு, அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா பீரோவிலிருந்து எடுத்து வைத்தாள். இப்போது கல்லூரியில் கணக்கு நடத்தும் ஜொஹரா, ஒரு சட்டையை மடியில் விரித்துக் கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினாள். மறுபடி மேலே போய் எண்ணினாள்.

"அம்மா, இதுல ஒண்ணு குறையுது."

அம்மா வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கேம்மா."

ஜொஹராவின் விரல் காலர் இருந்த இடத்துக்குச் சற்று மேலே, காற்றில் அப்படியே நின்றிருந்தது.