காலி லாரி கிளம்பாது

காலி லாரி சாலையில் ஓடக் கூடாது என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. சரக்கு ஏறாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு முட்டை ஏற்றி வந்த ஓட்டுநர் செங்கமலம், திரும்பிப் போக லோடு இல்லாமல் மாட்டிக்கொண்டாள். நான்கு நாள் காத்திருக்கச் சொன்னது வண்டியின் திரை. நாளை மறுநாள் ஊரில் அவள் மகள் துளசிமணிக்குக் கபடி இறுதி ஆட்டம்.

எதிரே இருந்த பழமண்டிக்கு நடந்தாள். தோலில் புள்ளி விழுந்ததால் யாரும் வாங்காத ஆரஞ்சு மலையாகக் குவிந்து கிடந்தது. ஒன்றை உரித்துத் தின்றாள், தேனாக இனித்தது. உடனே நாமக்கல் ஜூஸ் கடைச் சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, தோலப் பாக்காதீங்க. சாறு அப்படியே சொட்டுதுங்க. எடுத்துக்கறீங்களா?”

“அத்தனையும் ஏத்திக்கிட்டு வா அம்மிணி!”

பழம் ஏறியதும் லாரி உயிர் பெற்றது. அதைப் பார்த்து, அங்கே முடங்கிக் கிடந்த மற்ற பதினோரு ஓட்டுநர்களும் மண்டிக்கு ஓடினார்கள்.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் துளசிமணி பாடிப் போனபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள் செங்கமலம்.

“விடாத கண்ணு!”

அம்மாவின் குரல் கேட்டதும் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டித் திரும்பினாள்.