ஹெலிகாப்டர் சுளுக்கு

"கால் சுளுக்குக்கு ஹெலிகாப்டர் கூப்பிட்ட முதல் தமிழன் நம்ம ராஜேந்திரன்தான்!"

மேடையிலிருந்து சுந்தரராஜன் சொல்ல, லண்டன் தோர்ண்டன் ஹீத் பள்ளிக்கூட மண்டபத்தில் சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

மூன்றாவது வரிசையில் இருந்த இராஜேந்திரனும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

தமிழர் நடைக்குழுவின் 1997ஆம் ஆண்டுக் கூட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நடந்ததற்கு மேலாகவே வடை சாப்பிட்டுக் கலைகிற குழு. அந்த வருஷம்தான் தலைவர் சுந்தரராஜனுக்குப் பூங்கா போதாமல் போயிற்று.

"ஐஸ்லாந்து! அஞ்சு நாள் நடை. ரோடு கிடையாது, கடை கிடையாது, மனுஷ வாடையே கிடையாது!" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கிளம்பியது இரண்டே பேர். வங்கி அதிகாரியான தலைவரும், பேக்கரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் இராஜேந்திரனும்.

ஐந்து நாள் நடை மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. இராஜேந்திரனுக்குக் கால் சுளுக்கிவிட்டதாம். அவசரத்துக்கென்று வாடகைக்கு எடுத்துப்போன சாட்டிலைட் போனில் கூப்பிட, ஹெலிகாப்டர் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனதாம்.

லண்டன் திரும்பிய நாளிலிருந்து இராஜேந்திரனுக்குப் பெயர் 'சுளுக்கு'.

"அண்ணை, போன கிழமை இடக்கால் நொண்டினியள். இண்டைக்கு வலக்கால் நொண்டுது?" பக்கத்தில் இருந்த யோகராஜா காதைக் கடித்தார்.

"ரெண்டும்தான் நோகுது."

"பயத்திலைதானே நடிச்சனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"ஓம். சரியான பயம்தான்."

யோகராஜா பின்வரிசைக்குத் திரும்பி, "ஒப்புக்கொண்டிட்டார்" என்று தகவல் ஒலிபரப்பினார்.

கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. இனிமேல் தூரப் பயணங்களுக்கு 'மன உறுதி இல்லாதவர்கள்' சேர்க்கப்பட மாட்டார்கள். பன்மையில் எழுதியிருந்தாலும் ஆள் ஒருவர்தான். நடையென்றால் உயிரை விடுகிற அந்த ஒருவரும் ஆதரவாகக் கையைத் தூக்கியதால், தீர்மானம் ஏகமனதானது.

மேடையில் சிலைடு மாறியது. பனிமலைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்தபடி சுந்தரராஜன். மலை கொஞ்சம் அடக்கமாகவே நின்றது.

"சாட்டிலைட் போனை யார் வேணும்னாலும் வாடகைக்கு எடுக்கலாம். தைரியத்தை எடுக்க முடியுமா? நான் தனியா போயிருந்தா அஞ்சு நாளும் நடந்து முடிச்சிருப்பேன். ஆனா கூட வந்தவரை விட்டுட்டு வர முடியுமா? மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல!"

பலத்த கைதட்டல். இராஜேந்திரனும் தட்டினார். முன்வரிசையில் சுந்தரராஜனின் மனைவி லலிதா மட்டும் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கேள்வி ஏதாவது இருந்தா கேக்கலாம்."

நர்ஸ் இம்மாகுலேற் எழுந்தாள். "நாங்கள் நாலு பொம்பிளையள் வாற வருஷம் நேபாளம் போறம். அந்தப் போன் எப்பிடி வேலை செய்யிறதெண்டு சொல்லுவீங்களோ?"

சுந்தரராஜனுக்கு உற்சாகம் பிறந்தது. "ரொம்ப சிம்பிள்மா. லேப்டாப் அளவு பெட்டி. திறந்து, மூடியை சாட்டிலைட் இருக்கிற திசைக்குத் திருப்பணும். நடுவுல மலை எதுவும் மறைக்கக் கூடாது. மறைச்சா அது வெறும் பெட்டிதான்."

"அப்ப நீங்கள் நிண்ட இடத்திலை மலை மறைக்கேல்லையோ?"

"மறைக்காமலா? நாங்க கூடாரம் போட்டது பள்ளத்தாக்குல. சுத்தி மலை. ஒண்ணரை மணி நேரம் செங்குத்தா ஏறி உச்சிக்குப் போனாத்தான் சிக்னலே!"

"ஐயோ, ஒண்டரை மணித்தியாலமோ! ஆர் ஏறினது?"

சுந்தரராஜன் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்தார்.

"அது வந்து... நாங்க..."

மண்டபத்தில் ஒவ்வொரு தலையாக மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியது.

"கேள்வி போதும், எழும்புங்கோ" என்று இராஜேந்திரன் அவசரமாக எழுந்தார். "தேத்தண்ணி ஆறப்போகுது."

"ஆறட்டும்" என்றாள் லலிதா. அவளும் எழுந்து நின்றிருந்தாள். "ராஜேந்திரன் சார்தான் ஏறினார். இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கூடாரத்துல படுத்திருந்தார். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குத்தான் தகவல் சொன்னாங்க. ஒரு மணி நேரம் தாமதமாயிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டாராம்."

"லலிதா, உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"யாருக்கும் சொல்லாதேன்னார். ஆறு வாரமா வாயைத் திறக்கலை. ஆனா அந்த மனுஷனையே மேடை போட்டுக் கேலி பண்ணுவார்னு நான் நினைக்கலை."

லலிதா மண்டபத்தின் பக்கம் திரும்பினாள்.

"தலைவருக்கே நெஞ்சு வலின்னா மானம் போயிடும், யாரையும் கூப்பிட வேண்டாம்னு இவர் அந்த போன் பெட்டியை மார்போட அணைச்சுக்கிட்டுத் தரவே மாட்டேன்னாராம். ஆஸ்பத்திரிப் படுக்கையில இவரே அழுதுக்கிட்டே என்கிட்ட சொன்னார். ராஜேந்திரன் சார் கெஞ்சிப் பார்த்துட்டு, கடைசியில என்ன சொல்லி அதை வாங்கினார் தெரியுமா?"

இராஜேந்திரனின் பேச்சிலேயே லலிதா சொன்னாள்.

"'சரி, லண்டனிலை என்ர கால்தான் சுளுக்கினதெண்டு சொல்லுவம். இப்ப போனைத் தாங்கோ.'"